ஸ்பாய்லர் இல்லாம இறக்கப் பழக்குறது: சோலோவுக்கு முன்னாடியா, அப்புறமா?

#1 புதுக்காத்து

பயிற்றுநர் தகுதிக்குப் படிக்கிறவங்க பக்கத்திலேர்ந்து ஒரு கேள்வி. அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏவோட விதி 61.87, கிளைடர் (எஞ்சின் இல்லாம சறுக்கிப் பறக்குற விமானம்) மாணவர் தனியாப் பறக்கிறதுக்கு, அதாவது சோலோவுக்கு, முன்னாடி கத்திருக்க வேண்டியதைப் பட்டியல் போடுது. காற்றுத்தடை கூடின நிலையிலயும் குறைஞ்ச நிலையிலயும் இறங்குறது அதுல இருக்கு. கருவி பழுதானா என்ன செய்யணும், ஸ்லிப் போட்டு (ஒரு இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்க ரட்டரை, அதாவது வால் சுக்கானை மிதிச்சு, பக்கவாட்டா சறுக்கி) எப்படி இறங்கணும்ங்கிறதும் இருக்கு. ஆனா "ஸ்பாய்லரைத் தொடாம முழு இறக்கம்"னு தனியா ஒரு வரி கிடையாது (ஸ்பாய்லர்ங்கிறது உயரத்தைக் கரைக்க இறக்கை மேல எழும்புற தடைத் தகடு). மேல சொன்ன மூணையும் சேர்த்துப் படிச்சா அதுதான் வருதுன்னு சிலர் சொல்றாங்க. சிலர் அது வீண் ஆபத்துங்கிறாங்க.

பேச வசதியா ஒரு களம் வச்சுக்குவோம்: ஏஎஸ்கே 21 (ரெண்டு இருக்கைப் பயிற்சிக் கிளைடர்), ரெண்டு பேர், 2,600 அடி புல் ஓடுபாதை, ஒரு முனையில 50 அடி மரங்கள். எந்த வரிசையில பழக்குவீங்க?

#2 சாய்வுக்கோடு

வரிசை அப்புறம் இருக்கட்டும். முதலில் கணக்கைப் போடுங்கள், பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

ஏஎஸ்கே 21-இன் சிறந்த சறுக்கு விகிதம் 34 (ஓர் அடி இறங்குவதற்குள் 34 அடி முன்னால் போகும்). இறங்கும் வேகத்தில் கொஞ்சம் குறைத்து 30 என்று வைத்துக்கொள்வோம். ஸ்பாய்லர் மூடியிருந்தால் 50 அடி உயரத்தை இழக்க 1,500 அடி தூரம் போகும். இது முதல் பங்கு.

இரண்டாம் பங்கைத்தான் பலர் மறக்கிறார்கள். 55 நாட் (மணிக்கு 55 கடல் மைல்) வேகத்தில் வரும்போது உங்களிடம் இருக்கும் வேகத்தை உயரமாக மாற்றிப் பார்த்தால் சுமார் 134 அடி. சக்கரம் தரையைத் தொடும் 38 நாட்டில் அது 64 அடி. நடுவில் உள்ள 70 அடியையும் அதே 1-க்கு 30 விகிதத்தில்தான் கரைக்க வேண்டும்: 2,100 அடி மிதப்பு. தரைவிளைவில் (தரையை ஒட்டிப் பறக்கும்போது) இறக்கையின் தூண்டு தடை (தூக்குவிசையோடு சேர்ந்து வரும் தடை) குறைவதால் நிஜத்தில் இது இன்னும் நீளலாம். ஃபைனலில் (ஓடுபாதைக்கு நேராக வரும் கடைசிக் கட்டத்தில்) 50 நாட் பிடித்தால் கரைக்க வேண்டியது 47 அடி, அதாவது 1,400 அடி. ஐந்து நாட்டில் 700 அடி வித்தியாசம்!

ஆக, மரங்களை உரசிக்கொண்டு 50 நாட்டில் வந்தாலும் 2,900 அடி வேண்டும். ஓடுபாதை 2,600. நின்று கொள்ள இடம் கேட்கவே வேண்டாம். நேர் எதிரே 10 நாட் காற்று இருந்தால் மொத்தம் 2,300 அடிக்கு வரும். அப்போதும் கையில் மிச்சம் 300 அடிதான்.

மரம் இருக்கும் முனையிலிருந்து இந்தப் பயிற்சி வேண்டாம் என்பதே என் கட்சி. எதிர் முனையிலிருந்து, வாயிலை (ஓடுபாதையின் தொடக்கத்தை) 10 அடி உயரத்தில் 50 நாட்டில் கடந்தால் 300 + 1,400. அது கொள்ளும்.

#3 மூணு_மூணு

சார், கணக்கு ரொம்ப சரி, ஆனா இது கண்ணாடியிழைக் கிளைடரோட தலைவலி. அமெரிக்காவில எத்தனையோ பேர் கத்துக்கிறது இன்னமும் ஷ்வைட்சர் 2-33-லதான். சறுக்கு விகிதம் சுமார் 22. வெளியில தாங்கு கம்பு, குழாய்ச் சட்டம், துணி போர்த்தின உடம்பு. மூக்கை அமுக்குனா தடை எகிறும், உயரம் கரையும். ஸ்லிப்பும் கதவைத் திறந்து விட்ட மாதிரி இறங்கும். இதுல சோலோவுக்கு முன்னாடியே மூணு நாலு தடவை பண்ணிடலாம். ஒரு பெரிய பாடமும் இல்ல.

ஒண்ணு மட்டும்: நிறைய 2-33-ல வேகமானி மைல் கணக்குல இருக்கும். ஏஎஸ்கே 21 நாட் எண்ணை அப்படியே இங்க கொண்டு வந்துடாதீங்க.

#4 சாய்வுக்கோடு

2-33-இல் மூக்கை அமுக்கி உயரம் கரைப்பது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அதை "உயரமாக இருந்தால் மூக்கை அமுக்கு" என்ற பழக்கமாகக் கற்றுக்கொடுத்தால், அதே மாணவர் ஆறு மாதத்தில் ஏஎஸ்கே 21-இல் 65 நாட்டில் வாயிலைக் கடப்பார். 55-இலிருந்து 65-க்கு ஏறினால் கூடுதலாக 53 அடிக்கான ஆற்றல், சுமார் 1,600 அடி மிதப்பு. உயரத்தை வேகமாக மாற்றுவதால் அது தொலைந்துவிடாது. பையை மாற்றி வைத்த கதைதான்.

அமுக்குவதாக இருந்தால் டவுன்விண்டில் (ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் கட்டத்தில்), அதுவும் உயரத்தில் செய்யுங்கள். வேகமும் கரைந்து முடிய நேரம் இருக்கும். ஃபைனலில் வேண்டாம்.

#5 பட்டறை

பழுது பார்க்குறவன் கோணத்துல நாலு வார்த்தை. ஸ்பாய்லர் ஏன் திறக்காமப் போகுதுன்னு மாணவருக்குச் சொல்லாம பயிற்சி கொடுத்தா அது சர்க்கஸ் மாதிரி ஆயிடும்.

முதல் காரணம், பூட்டுற அன்னிக்கே நடந்த தப்பு. பழைய ஏஎஸ்கே 21 மாதிரி வகைகள்ல இறக்கையை மாட்டும்போது ஸ்பாய்லர் தண்டை லோட்டெலியே (L'Hotellier) வகைப் பந்து மூட்டுல கையாலதான் இணைக்கணும். மாட்டின மாதிரி தெரியும், பூட்டியிருக்காது. அதனாலதான் ஒருத்தர் உள்ள நெம்புகோலை இழுக்க, இன்னொருத்தர் வெளியில தகட்டை உள்ளங்கையால அழுத்திப் பிடிச்சு எதிர்ப்புக் கொடுக்கிற சோதனை. சும்மா திறந்து மூடிப் பார்த்தா போதாது.

அடுத்தது ஐஸ். ஸ்பாய்லர்ப் பெட்டிக்குள்ள மழைத் தண்ணியோ கழுவின தண்ணியோ தங்கி, மேல போனதும் உறைஞ்சு தகட்டைப் பிடிச்சுக்கும். குளிர்காலத்துல, மலையைத் தாண்டுற காத்து எழுப்புற அலையில ஏறிப் பறக்கும்போது இது வரும். மேல இருக்கும்போதே அப்பப்போ கொஞ்சம் திறந்து மூடி வச்சா ஒட்டாது. மூணாவது, இடைவெளிக்கு ஒட்டுற டேப் தகட்டு மேல ஏறி நிக்கிறது. இன்னொண்ணு, பின் இருக்கையில ஆளில்லாம பறக்கும்போது வாரோ மெத்தையோ நழுவி நெம்புகோலுக்கு முட்டுக் கொடுக்கிறது. இது சோலோ மாணவருக்கே நேரா வர்றது. அதனால காலி இருக்கை வாரை இறுக்கிக் கட்டுறதும் இந்தப் பாடத்துல சேர்த்திதான்.

முக்கியமானது: பழுது எங்க தெரியணும்? பேட்டர்னுக்குள்ள (இறங்குறதுக்கு முன்னாடி திடலைச் சுத்தி வர்ற வழி) நுழையுறப்போ, 1,000 அடியில. அங்க ஒரு தடவை பூட்டைத் திறந்து, கொஞ்சம் இழுத்து, ரெண்டு பக்க இறக்கையையும் கண்ணால பார்க்கச் சொல்லுங்க. ஃபைனல்ல 300 அடியில முதல் தடவையா இழுக்கிற மாணவருக்கு எந்த ஸ்லிப் பாடமும் உதவாது. ஒரு பக்கம் மட்டும் எழும்பினா உடனே மூடிடணும். அப்புறம் அது "ஸ்பாய்லர் இல்லாத" இறக்கம்தான்.

மேல 3,000 அடியிலயே தெரிஞ்சா முதல்ல ரெண்டு கையாலயும் இழுத்துப் பார்க்கலாம், ரெண்டு பேர் இருந்தா சேர்ந்து இழுக்கலாம். வெப்பமான காத்துக்கு இறங்கிக் காத்திருக்கலாம். எட்டுற தூரத்துல 6,000 அடி ஓடுபாதை இருந்தா அங்க போயிடலாம். சொந்தத் திடல்லயே இறங்கியாகணும்னு எந்த விதியும் கிடையாது. இந்த யோசனை மாணவருக்குத் தானா வராது, சொல்லிக் கொடுத்தாத்தான் வரும்.

#6 கம்பளிநூல்

ஸ்லிப்பைப் பழக்கும் முறையைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பயிற்சியின் முக்கால் பங்கு அதுதான். பலர் ஸ்லிப்பை அரைகுறையாகப் போட்டுவிட்டு "இந்தக் கிளைடரில் ஸ்லிப் வேலை செய்யாது" என்கிறார்கள். பாதி ரட்டர் ஸ்லிப் பாதி பலன்கூடத் தராது.

3,000 அடியில் தொடங்குங்கள். நேராக 55 நாட்டில் பறக்கும்போது மூக்குக்கும் தொடுவானத்துக்கும் உள்ள இடைவெளியை மாணவர் வாயால் சொல்லட்டும். பிறகு ஒரு இறக்கையைத் தாழ்த்தி, கிளைடர் அந்தப் பக்கம் திரும்பத் தொடங்கும் முன்பே எதிர்ப்பக்க ரட்டரைச் சீராக, முட்டும் வரை மிதிக்க வேண்டும். ரட்டர் முழுக்கப் போன பிறகு திசையைக் காப்பது சாய்வின் வேலை: மூக்கு மிதித்த பக்கம் ஓடினால் சாய்வைக் கூட்டு, தாழ்ந்த இறக்கைப் பக்கம் திரும்பினால் சாய்வைக் குறை. காற்றின் திசையைக் காட்டக் கண்ணாடியில் ஒட்டிய கம்பளி நூலின் வால் மிதித்த ரட்டர் பக்கமே சாயும். சரியான ஸ்லிப்பில் அது கண்ணாடியில் ஏறக்குறையப் படுத்துக் கிடக்கும்.

வேகமானியை நம்பக்கூடாது, காற்று பக்கவாட்டில் அடிப்பதால் தப்புக் காட்டும். காதையும் நம்பக்கூடாது. ஸ்லிப்பில் இரைச்சல் எப்படியும் கூடும், அதைக் கேட்டு மாணவர் "வேகம் ஏறுது" என்று நினைத்து கட்டுப்பாட்டுக் குச்சியைப் பின்னால் இழுப்பார். மிச்சம் இருப்பது மூக்கின் நிலை மட்டும். 30 விநாடி பிடித்து, நேராக்கி, உடனே வேகமானியைப் பார்க்கச் சொல்லுங்கள். தொடங்கிய வேகத்துக்கு 5 நாட்டுக்குள் இருந்தால் தேர்ச்சி. 15 நாட் ஏறியிருந்தால் அவர் ஸ்லிப் போடவில்லை, பக்கவாட்டில் டைவ் அடித்திருக்கிறார்.

அதே 30 விநாடியில் உயரமானி எவ்வளவு இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். 55 நாட்டில் அரை நிமிடத்தில் சுமார் 2,800 அடி போவீர்கள். 250 அடி இறங்கியிருந்தால் உங்கள் ஸ்லிப் 1-க்கு 11. காற்று தூக்குவதும் அமுக்குவதும் கலந்துவிடும் என்பதால் காலையில், அசையாத காற்றில், இரண்டு பக்கமும் நாலு தடவை அளந்து சராசரி பாருங்கள். இடது ஸ்லிப்பும் வலது ஸ்லிப்பும் ஒன்றாக வராது, பெரும்பாலும் மாணவரின் கால்தான் காரணம்.

சில வகைகளில் ரட்டர் முழுக்கப் போனதும் காற்றே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், திருப்பக் காலால் உதைக்க வேண்டும். கிளைடரின் கையேட்டில் இருக்கும். முதல் தடவை அதை மேலே பார்க்க வேண்டும், 100 அடியில் அல்ல.

எந்தப் பக்கம்? குறுக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்க இறக்கை கீழே.

#7 புதுக்காத்து

ஸ்லிப்பை எந்த உயரத்துல எடுக்கணும்? ஃப்ளேர் (தரை நெருங்குறப்போ மூக்கைத் தூக்குறது) வரைக்கும் பிடிச்சுக்கிட்டே போகலாமா?

#8 கம்பளிநூல்

பழக்கப்பட்டவர் போகலாம், மாணவர் வேண்டாம். ஏஎஸ்கே 21 இறக்கை நீட்டம் 17 மீட்டர். 20 பாகை சாய்த்தால் தாழ்ந்த நுனி நடு உடம்பை விட ஏறக்குறைய 3 மீட்டர், பத்தடி கீழே இருக்கும். பயிற்சியில் 30 அடிக்கு முன் இறக்கை மட்டம், ரட்டர் நடுவில், இரண்டும் ஒரே நேரத்தில். ரட்டரை மட்டும் விட்டுச் சாய்வை மறந்தால் கிளைடர் தாழ்ந்த பக்கம் திரும்பிவிடும்.

#9 சாய்வுக்கோடு

இங்கேதான் யாரும் கரும்பலகையில் எழுதாத விஷயம் வருகிறது. 30 அடியில் ஸ்லிப்பை எடுத்தால், மீண்டும் 1-க்கு 30. வாயிலை 10 அடியில் கடக்க வேண்டும் என்றால், அந்த 20 அடியை இழக்க 600 அடி தேவை. அப்படியானால் ஸ்லிப் முடிய வேண்டிய இடம் ஓடுபாதைக்கு 600 அடி முன்னால், வெளியே!

ஸ்பாய்லரோடு இறங்கப் பழகிய மாணவரின் கண், ஓடுபாதைக்குள் உள்ள ஒரு புள்ளியைக் குறி வைத்தே வளர்ந்திருக்கும். அதே குறியில் ஸ்லிப் போட்டு வந்தால் வாயிலுக்கு மேல் 60, 70 அடியில் நிற்பார். குறியை வெளியே நகர்த்தச் சொன்னாலோ, அந்த இடத்தில் வேலியும் சாலையும் இருக்கும். ஸ்பாய்லர் இல்லாத இறக்கத்தில் எல்லோரும் ஓடுபாதை தாண்டிப் போவதையே பயப்படுகிறார்கள். பயிற்சியில் நிஜமான ஆபத்து அதற்கு நேர் எதிர், குறைவாக விழுவது. வாயிலுக்கு முன்னால் சுத்தமான தரை இல்லாத திடலில் இதைச் செய்யக்கூடாது.

#10 வடக்குமேடு

சாய்வுக்கோடு ஐயா சொன்னதையே நான் மறுபக்கம் திருப்பிக் கேக்குறேன். நிஜமா ஸ்பாய்லர் திறக்காமப் போறது அபூர்வம். பயிற்சியிலயோ ஒவ்வொரு தடவையும் வேணும்னே தாழ்வா, மெதுவா, வேலிக்குப் பக்கத்துல மாணவரைக் கொண்டு போறோம். 15 மணி நேரம் பறந்தவருக்கு இது எதுக்கு? சோலோவுக்கு முன்னாடி ஸ்லிப் போதும். ஸ்பாய்லர் மூடி முழு இறக்கத்தை உரிமத் தேர்வுக்கு முன்னாடி வச்சுக்கலாம். தேர்வுத் தரத்திலயும் ஸ்லிப் போட்டு இறங்குறது தனிப் பணியா இருக்கு.

இன்னொரு பயம்: "இடது கையை நெம்புகோல்லேர்ந்து எடு"ன்னு திரும்பத் திரும்பச் சொன்னா, எடுத்தே பழகிடும். கிளைடரை மேல இழுத்துட்டுப் போற இழுவிமானம் ரட்டரை ஆட்டிக் காட்டினா "உன் ஸ்பாய்லரைப் பார்"னு அர்த்தம். அப்போ தன்னால நெம்புகோலுக்குப் போக வேண்டிய கை அது. அந்த அனிச்சையைக் கெடுக்கிற பயிற்சி எனக்கு வேண்டாம்.

#11 மூணு_மூணு

அண்ணா, கையை எடுக்கச் சொல்ல வேண்டாம். கை ஸ்பாய்லரோட நீல நெம்புகோல் மேலயே இருக்கட்டும், பூட்டுன நிலையில. பின் இருக்கை நெம்புகோலும் முன்னதும் ஒரே தண்டுதானே? பயிற்றுநர் தன் நெம்புகோலுக்குப் பின்னாடி கையை வச்சு அணை கட்டுன மாதிரி நின்னா, மாணவர் பழக்கதோஷத்துல இழுக்குறது அப்பவே கையில தெரியும். பூட்டைத் திறந்து வச்சுக்கிட்டு சும்மா பிடிக்கிறது மட்டும் கூடாது. மேல் பக்க ஸ்பாய்லரைக் காத்தே உறிஞ்சித் தூக்கிடும்.

#12 வடக்குமேடு

அது நல்ல வழி, ஒத்துக்குறேன். அப்ப பயிற்றுநர் எப்போ திறக்கணும்? அதையும் சொல்லுங்க. "பார்த்துக்கலாம்"ங்கிற பதில் வேண்டாம்.

#13 கம்பளிநூல்

முடிவு ஃப்ளேருக்கு முன்பே எடுக்கப்பட வேண்டும். வாயிலில் 30 அடிக்கு மேல் இருந்தாலோ, வேகம் 55-ஐத் தாண்டினாலோ அங்கேயே பயிற்சி முடிந்தது: "என் கட்டுப்பாடு" என்று சொல்லி ஸ்பாய்லரைத் திறந்து சாதாரணமாக இறக்குங்கள்.

தாமதமாகி, 40 நாட்டில் ஐந்தடி உயரத்தில் மிதக்கும்போது படாரென்று திறப்பதுதான் மோசம். தூக்குவிசை போய்விடும், ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே இறக்கை தாங்காது என்ற வேகம்) ஏறும், கிளைடர் கல் மாதிரி விழும். பயிற்றுநரின் முதுகெலும்பும் அதில் இருக்கிறது. அந்த நிலையில் திறந்துதான் ஆக வேண்டும் என்றால் ஒரு அங்குலம், மூக்கைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து. அதனால்தான் ஓடுபாதை நீளமாக இருக்க வேண்டும் என்று கத்துகிறோம்: மிதக்கட்டும், கரையட்டும் என்று விட்டுவிடலாம். மாணவர் பொறுமையிழந்து சக்கரத்தைத் தரையில் அழுத்தினால் துள்ளும், துள்ளலைத் துரத்தினால் இன்னும் துள்ளும். இரண்டடியில் பிடித்துக் காத்திருப்பதே திறமை.

#14 புதுக்காத்து

உயரம் கூடுதலா இருந்தா டவுன்விண்டை நீட்டிக்கச் சொல்றது சரியா? புத்தகத்துல "பேட்டர்னை அதுக்கேத்த மாதிரி மாத்து"ன்னு போய்டுறாங்க.

#15 வடக்குமேடு

கொஞ்சம் நீட்டலாம், ஆனா ஒரு எல்லை வேணும். 1-க்கு 30-னு நம்பி ஒரு மைல் தள்ளிப் போயிட்டு, வழியில அமுங்குற காத்துல மாட்டினா திரும்பி வர வழி கிடையாது. ஸ்லிப்பை எந்த நொடியும் விடலாம், விட்டா உயரம் மிச்சம். தூரம் போனது போனதுதான். அதனால பேஸ் (டவுன்விண்டையும் ஃபைனலையும் இணைக்கிற குறுக்குக் கட்டம்) திரும்புற இடம் வழக்கமானதுக்குச் சற்றே வெளியில, மிச்ச உயரத்தை பேஸ்லயும் ஃபைனல்லயும் ஸ்லிப்பால கரைக்கணும். பேஸ்லேர்ந்து ஃபைனலுக்குத் திரும்பும்போதே திருப்பத்துக்குள்ள சாய்ஞ்சு மேல்பக்க ரட்டரை மிதிச்சா திரும்பிக்கிட்டே இறங்கும்.

ஃபைனல்ல எஸ் வளைவு போடுறதை 300 அடிக்குக் கீழ நான் அனுமதிக்கிறதில்ல. ஒவ்வொரு வளைவிலயும் ஓடுபாதையைப் பார்க்கத் தலை திரும்பும், உள்பக்க ரட்டர் கூடும், அது ஸ்பின்னுக்கு (கட்டுப்பாடு இழந்து சுழன்று விழுறதுக்கு) போற வாசல்.

#16 பட்டறை

நின்னு முடிக்கிறதைப் பத்தி யாரும் பேசலையே. ஏஎஸ்கே 21-ல சக்கர பிரேக் அதே நீல நெம்புகோலோட கடைசி இழுப்புலதான் இருக்கு. நெம்புகோல் நிஜமா இறுகிப்போனா பிரேக்கும் இல்ல. பயிற்சியில தொட்டதும் இழுத்து நிறுத்திடுறோம், அதனால மாணவருக்கு இது தெரியாமலே போகுது. முன்சக்கரம் இருக்குறதால குச்சியை முன்னாடி தள்ளினாலும் பெருசா பலன் கிடையாது.

2-33-ல மூக்குக்கு அடியில ஸ்கிட் (சறுக்குக் கட்டை) இருக்கு. குச்சியை முன்னாடி தள்ளி அதைத் தரையில தேய்ச்சு நிறுத்தலாம்.

எதுவும் இல்லாம வேலி நெருங்கினா, ஓட்டம் மெதுவான பிறகு ஒரு இறக்கையைத் தரையில வச்சு, அதே பக்க ரட்டரை மிதிச்சு, சுத்தி நிக்க வேண்டியதுதான். வால் பக்கம் சேதம் வரலாம், கால் பிழைக்கும். இதை வாயால மட்டும் சொல்லிக் கொடுங்க.

#17 மூணு_மூணு

ஸ்லிப்பை "பழைய காலத்து வித்தை"ன்னு சொல்றவங்களுக்கு: 1983 ஜூலை 23, ஏர் கனடா 143, எரிபொருள் தீர்ந்த போயிங் 767. கேப்டன் ராபர்ட் பியர்சன் கிளைடர் ஓட்டுனவர். கனடாவோட கிம்லியில உயரம் கூடுதலா வந்தப்போ அந்த ஜெட்டையே ஸ்லிப் போட்டு இறக்கினார்.

#18 புதுக்காத்து

அப்படின்னா நான் இப்படி எழுதி வச்சுக்கிறேன், தப்பிருந்தா வெட்டுங்க. தரையில கணக்கு. 3,000 அடியில ரெண்டு பக்க ஸ்லிப், உயரமானி அளவோட. அடுத்து வழக்கமான ஃபைனல்ல பாதி ஸ்பாய்லரோட ஸ்லிப், 100 அடி வரைக்கும். அப்புறம் பேஸ்லேர்ந்து பூட்டுன நெம்புகோலோட இறக்கம். கடைசியா டவுன்விண்ட்லயே "திறக்கல"ன்னு சொல்லி ஆரம்பிக்கிறது. மரமில்லாத முனை, 5-லேர்ந்து 10 நாட் நேர் எதிர்க்காற்று, பின்னால வேற கிளைடர் பேட்டர்ன்ல இல்லாதப்போ.

#19 வடக்குமேடு

முதல் மூணு சோலோவுக்கு முன்னாடி, பின் ரெண்டு அப்புறம். எனக்கு சம்மதம்.

#20 மூணு_மூணு

2-33-ல அஞ்சும் முன்னாடியே. இதுல நான் இறங்கி வர மாட்டேன்.

#21 சாய்வுக்கோடு

வெட்ட ஒன்றுமில்லை. வீச்சுக்காற்று இருந்தால் அன்று ரத்து என்று சேர்த்துக்கொள்ளுங்கள்: வீச்சுக்காக ஃபைனலில் 5 நாட் கூட்டுவீர்கள், அது எவ்வளவு தூரம் என்று மேலே கணக்கு இருக்கிறது.